பெயரை மாற்றினேன், எழுத்து சிறுத்துவிட்டது

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை, நீங்களாவது நலமாக இருக்க வேண்டும். இதைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். முதலில் விஷயம்: அக்காவின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு என் கையில்.

அக்கா நூலகத்தில் பயன்படுத்தும் மென்பொருள் எங்கள் கம்பெனியுடையது அல்லவா? அதில் பெரிய எழுத்துத் திரை ஒன்றை வெள்ளோட்டமாகச் சிலருக்கு மட்டும் குலுக்கிப் போட்டுக் கொடுத்தோம். அக்காவுக்கு விழுந்தது. "இப்பத்தான்டா கண்ணாடியத் தேடாம வேலை பாக்குறேன்" என்று அவள் சொன்னபோது எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. இந்த வசதி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று முடிவுசெய்ய ஒரு கிளாஸ், அதாவது நிரலில் ஒரு துண்டு, எழுதி, அவசரத்தில் அதற்கு 'பாப்போம்2' என்று பெயர் வைத்திருந்தேன். போன வாரம் எங்கள் மேலாளர் எட்டிப் பார்த்து, "இதெல்லாம் ஒரு பேரா? பெத்த பிள்ளைக்கு இப்படி வைப்பியா?" என்றார். ரோஷம் வந்து லட்சணமான ஒரு பெயராக மாற்றினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். குலுக்கலில் யாருக்கு விழுந்தது என்பதை அந்தச் சனியன் பிடித்த மென்பொருள், கிளாஸின் பெயரிலேயே குறித்து வைத்திருந்திருக்கிறது. பெயர் மாறியதும் இது வேறு யாரோ என்று நினைத்து, பழைய பட்டியலைக் கைவிட்டு, மறுபடி குலுக்கிவிட்டது. இந்த முறை அக்காவுக்கு விழவில்லை. திங்கட்கிழமை காலையில் திரை முழுக்க எறும்பு எழுத்து. பாவம், அவள் கணினியைச் சந்தேகப்படாமல் தன் கண்ணைச் சந்தேகப்பட்டு, டாக்டர் "நல்லாத்தானே இருக்கு" என்றதையும் நம்பாமல், லீவு போட்டு, வேலையையே விட்டுவிடலாமா என்று அழுதாள் என நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்றே சரிசெய்துவிட்டேன். கிளாஸின் பெயர் எப்படி மாறினாலும் பட்டியலுக்கென்று மாறாத பெயர் ஒன்றைத் தனியாகக் கொடுக்கலாம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அந்த இடத்தில் 'பாப்போம்2' என்றே எழுதினேன், பழைய பட்டியல் திரும்பிவிட்டது. மேலாளர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும். அக்காவிடம் பக்குவமாகச் சொல்லி வேலைக்கு அனுப்புங்கள். ராஜினாமா எழுதியிருந்தால் கிழித்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு முத்தங்கள். அக்கா திட்டாமல் இருந்தால் அவளுக்கு ஒரு கும்பிடு, திட்டினால் இரண்டு.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அக்காவே போனில் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "செவ்வாக்கிழமையே தெரியும்டா. பக்கத்து சீட்டுக்காரிக்கும் எழுத்து சுருங்கிப்போச்சாம். ரெண்டு பேருக்குமா ஒரே நாள்ல கண்ணு போகும்?" என்றாள். "அப்புறம் ஏன்க்கா சொல்லல?" என்றேன். "மூணு நாளா உங்க அத்தான் பக்கத்துல உக்காந்து எனக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுறாருடா. பதினெட்டு வருஷத்துல இப்பத்தான் இவ்வளவு பேசுறாரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயத் தொறக்காத" என்றாள். நீங்கள் கவலையில் இளைத்துவிடக் கூடாதே என்றுதான் இதை அனுப்புகிறேன். மற்றபடி, அத்தான், நான் எதுவும் எழுதவில்லை, நீங்கள் எதுவும் படிக்கவில்லை. நாளைக் காலைப் பேப்பரை மட்டும் விடாமல் படித்துக் காட்டுங்கள்.