சிலோக் பறக்குமா என்று ஆராய்ந்த குழு

ஒரு பிராணியை வளர்க்குமுன் அதைப் பற்றி நன்றாக ஆராய வேண்டும் என்பதில் எங்கள் பாண்டுங் நகரத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. இமாஸ் அக்காவும் ஆராய்ந்தாள். புருஷன் போனபின் வீடு வெறிச்சோடிக் கிடந்தது. எதிர்வீட்டில் ஒரு சுகர் கிளைடர், அணில் மாதிரி ஒரு குட்டிப் பிராணி. உள்ளங்கையில் அடங்கும், கைகாலை விரித்தால் அலமாரியிலிருந்து திரைச்சீலைக்குக் காற்றில் சறுக்கும். சுருண்டு தூங்குவதால் தெருவில் விற்கும் மாவுருண்டையின் பெயரையே வைத்திருந்தார்கள்: சிலோக். அது என்ன தின்னும், எப்போது தூங்கும் என்றெல்லாம் விசாரித்து விசாரித்து, அக்கா அதன்மேல் உயிரையே வைத்துவிட்டாள். பெருநாள் முடிந்து சுரபாயாவுக்குக் குடிபோகும்போது அதை அவளுக்கே தருவதாக எதிர்வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

தெருத் தலைவர் சுதிஸ்னாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

"பறக்குமா?"

"சறுக்கும் ஐயா. அலமாரியிலேருந்து ஜன்னல் திரைக்கு."

"ஜன்னல்னு சொல்லிட்டீங்க. ஜன்னலுக்கு வெளியே தெரு. அப்போ இது தெரு விவகாரம். எல்லாரும் கூடிப் பேசித்தான் முடிவெடுக்கணும்."

தெருக்காரர்கள் எல்லோரும் கூடினோம். வாழைப்பழ பஜ்ஜியும் காப்பியும் தீரும்வரை ஆழ்ந்து பரிசீலித்து, ஆய்வுக் குழு ஒன்றை ஒருமனதாக அமைத்தோம். குழுவுக்கு ஒரே மாதிரி பாத்திக் சட்டை. ஒப்பீட்டு ஆய்வுப் பயணம் போகாமல் எங்கள் நாட்டில் எந்தக் குழுவும் வாயைத் திறக்காது. ஆகவே பேருந்தில் பேனர் கட்டி, குடும்பம் சகிதமாகக் கடற்கரைக்குப் போனோம்.

"கடற்கரையில அது ஏது ஐயா?" என்றாள் அக்கா.

"இல்லைங்கிறதை நேர்ல பார்த்து உறுதி பண்ண வேண்டாமா?" என்றார் தலைவர், இளநீரை உறிஞ்சியபடி.

திரும்பி வந்து, அலுவலக நேரத்தில் சிலோக்கைப் பார்வையிட்டோம். பகலில் தூங்கும் பிராணி, தூங்கியது. 'மேற்படி பிராணி பறக்கவில்லை, சறுக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. ஆதலால் விண்ணப்பம் உண்மைக்குப் புறம்பானது' என்று முடிவாயிற்று.

"ராத்திரி வந்து பாருங்களேன்!"

"ராத்திரியில ஆபீஸ் ஏதும்மா?"

எதிர்வீட்டார் கிளம்பிவிட்டார்கள். மேலாய்வுக்கென்று சிலோக்கைத் தலைவரே எடுத்துப் போனார். அக்கா வாசலில் நின்று அழுதாள். எங்களுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் தலைவரின் மனைவி அதைப் பூப்போட்ட பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுச் சந்தைக்குப் போனாரே, அதைக் கண்டபின் எங்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நாளில் தெருவெல்லாம் கழுத்துக்குக் கழுத்து பை, பைக்குள் புதிதாய் வாங்கிய ஒரு சுகர் கிளைடர். யாரும் ஆராயவில்லை. குழுவில் இருந்தவர்களுக்கு ஆராய்ச்சி எதற்கு?

ஐயையோ, அந்த ராத்திரிகள்! நாய்க்குட்டி மாதிரி குரைத்தன. விளக்கிலிருந்து வழுக்கைத் தலைக்குச் சறுக்கின. தலையில் மூத்திரமும் பெய்தன. கண் சிவந்து, ஒருநாள் காலை எல்லோரும் பையும் கையுமாக இமாஸ் அக்கா வாசலில் வரிசை கட்டினோம்.

"உங்களுக்குத்தான் பிடிக்குமே அக்கா. நீங்களே வெச்சுக்குங்க," என்றார் தலைவர், முதல் ஆளாய்.

அக்கா அவர் கழுத்துப் பையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். "என் ராஜா!" என்று முகமெல்லாம் மலர்ந்தாள். "இவன் போதும்."

"அப்போ மத்ததெல்லாம்?"

"ஆராயாம எப்படி ஐயா எடுக்கிறது? முதல்ல குழு போடுங்க. நல்லா ஆராய்ஞ்சு அறிக்கை கொடுங்க. அப்புறம் பார்க்கலாம்."

கதவு சாத்திக்கொண்டது. அவள் சொன்னதில் எங்களால் ஒரு குற்றமும் காண முடியவில்லை. அங்கேயே குழுவை அமைத்தோம். அது இன்றுவரை ஒருமுறைகூடக் கூடவில்லை. உறுப்பினர்கள் அனைவரும் பகலில் தூங்குகிறோம்.