ஆபத்துக்கென்று ஒரு கத்தி

மனித குலத்தை இரண்டாகப் பிரிக்கலாம். ஆபத்துக்குத் தயாராக இருப்பவர்கள் ஒரு பக்கம். பாக்கெட்டில் வெறும் கைக்குட்டையோடு அலையும் அப்பாவிகள் மறுபக்கம். போன வருஷம் வரை நானும் அப்பாவிதான். ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன், கடைத்தேறினேன்.

சாதாரண மடக்குக் கத்தி என்று நினைத்துவிடாதீர்கள். முதுகுப்பக்கம் சின்னதாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஆள்காட்டி விரலால் அதை ஒரு தட்டு தட்டினால் அலகு 'டக்'கென்று பாய்ந்து வந்து நிற்கும். அந்த 'டக்'குக்குத்தான் முக்கால்வாசி விலை. கத்தி வந்த பார்சலை என் மனைவியின் சமையலறைக் கத்தியால்தான் பிரித்தேன். புதுசைப் போய் அட்டையில் தேய்க்க மனசு வருமா?

"என் கத்தியை மொக்கையாக்கிட்டீங்க. தக்காளி நசுங்குது. அந்தப் புதுசைக் கொடுங்க," என்றாள்.

"இது தக்காளிக்கு இல்லம்மா. ஆபத்துக்கு."

"என்ன ஆபத்து?"

"வரும்."

சும்மா சொல்லக்கூடாது, ஆபத்துக்காக நான் தவம் கிடந்தேன். ஆபீஸில் 'டக்', லிஃப்ட்டில் 'டக்', பாத்ரூமில் 'டக்'. பக்கத்து மேஜை அக்கவுண்டன்ட் ஒருநாள் ஆப்பிளை நீட்டி, "இதையாவது வெட்டுங்க சார், புண்ணியமாப் போகும்," என்று கெஞ்சினார். ஆப்பிளில் அமிலம் இருக்கிறது, அலகுக்கு ஆகாது என்று விளக்கினேன். மனிதர் கடித்தே தின்றார்.

இந்த அமில ஞானமெல்லாம் 'அலகு அன்பர்கள் பேரவை' போட்ட பிச்சை. ஞாயிறுதோறும் வீடியோவில் கூடுவோம். தலைவர் ஒரு பல் டாக்டர். 'கத்தியால் எதையாவது வெட்டலாமா?' என்ற விவாதம் இரண்டு ஞாயிறு நடந்து, முடிவு காணப்படாமல் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆபத்து மனமிரங்கியது. நாங்கள் போய்க்கொண்டிருந்த காரின் பானெட்டிலிருந்து புகை. ஓரங்கட்டிக் குதித்தேன். மனைவி குதிக்கவில்லை.

"என்னங்க! பெல்ட் கழல மாட்டேங்குது! அறுத்து விடுங்க!"

ஒரு வருஷமாகக் காத்திருந்த வசனம்! 'டக்'. வாழ்நாளிலேயே மிகச் சிறந்த 'டக்'. பெல்ட்டைப் பிடித்துப் பார்த்தேன். அழுத்தமான நைலான், இடுக்கெல்லாம் மணல். மனசு கேட்கவில்லை. எதிரே பங்க்சர் கடை தெரிந்தது. ஓடினேன்.

"அண்ணே, அவசரம்! ஒரு கத்தி கிடைக்குமா?"

பங்க்சர் கடைக்காரர் என் வலது கையைப் பார்த்தார். "அது என்ன சார்?"

"இது... கத்தி."

"அப்புறம்?"

"இது புதுசுண்ணே."

அவர் என்னைத் தாண்டிக் காரைப் பார்த்தார். "அடப்பாவி, உள்ள ஆள் இருக்கே!" என்று டியூப் வெட்டுகிற கறுத்த கத்தியோடு பாய்ந்தார். நாலே இழுப்பு. இருமிக்கொண்டே என் மனைவி வெளியே வந்து விழுந்தாள். நான் அலகைத் துடைத்து மடக்கினேன். கரி படிந்தால் பளபளப்பு போய்விடும்.

சாயங்காலக் கூட்டத்தில் சம்பவத்தை அறிக்கையாகச் சமர்ப்பித்தேன்.

"ஸீட் பெல்ட்டா! நைலானாச்சே!" என்று பல் டாக்டர் நெஞ்சில் கை வைத்தார். "ஒண்ணும் ஆகலையே?"

"ஒரு கீறல்கூட இல்ல டாக்டர்!" கத்தியைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. நெருக்கடியிலும் நிதானம் தவறாத எனக்குப் பாராட்டுத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

திரும்பினால், மனைவி பின்னால் நின்றிருந்தாள். தோளில் பெல்ட் அழுத்திய தடத்துக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

"காலையிலேருந்து இந்த வீட்டுல யாரும் கேக்கல. அவராவது கேட்டாரேன்னு வந்தேன்," என்றாள். "அவரும் கத்தியைத்தான் கேட்டாரா?"