மீன் ஏலக் கொட்டகைக்குத் தங்கக் கூரை

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் மீன் ஏலக் கொட்டகை ஒழுகியது. மழை வந்தால் இந்திராணி தன் நண்டுக் கூடைக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் நனைவாள். கொட்டகைக்கு வேறு கூரை போடச் சொல்லி அவள் மனு மேல் மனு கொடுத்தாள். அதன் பலனாக, கூரைகளை நேரில் ஆராய்ந்துவர அதிகாரி தனசேகர் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரத்துக்குக் குடும்பத்தோடு அனுப்பிவைக்கப்பட்டார்.

திரும்பி வந்தவர் ஊர்க்கூட்டத்தில் பேசினார்.

"ஆல்ப்ஸ் மலைக்கு நடுவுல இருக்கிற ஊரும்மா. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி மாக்சிமிலியன்னு ஒரு பேரரசர். அவரோட மாடத்துக்குத் தங்க முலாம் பூசின கூரை. உலகமே போய்ப் பார்க்குது. அதே கூரை உங்களுக்கும் சாங்ஷன்."

"தங்கம் இன்னாத்துக்கு சார்? தகரம் போதும். ஒழுவக் கூடாது, அவ்ளோதான்."

"தகரத்தைப் பார்க்க ஜெர்மன்காரன் வருவானா?"

வரமாட்டான்தான். இந்திராணி உட்கார்ந்துவிட்டாள்.

ஐப்பசியில் கூரை தயாரானது. கண் கூசியது. ஆனால் முகப்பில் புதிதாகக் கட்டிய மாடத்துக்கு மேலே மட்டும்தான் இருந்தது. தங்கத்தை மறைப்பதாகச் சொல்லிக் கொட்டகையின் பழைய கூரையை அப்புறப்படுத்தியிருந்தார்கள்.

"சார், மீன் வெக்கிற எடத்துக்குக் கூரையே இல்லியே?"

"அங்கேயும் மாடத்துக்கு மட்டும்தாம்மா. வரலாற்றை நாம மாத்த முடியாது."

"மாடத்துல யாரு குந்துவாங்க?"

"அங்கே பேரரசர் உட்கார்ந்து, கீழே வீரர்கள் மோதறதை வேடிக்கை பார்ப்பார்."

"இங்க?"

தனசேகர் அடக்கத்தோடு தலை குனிந்தார்.

திறப்பு விழா அன்று மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. மாடத்தில் அதிகாரிகள் நனையாமல் அமர்ந்திருந்தார்கள். கீழே பெண்கள் ஒரே தார்ப்பாயை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இறால் தண்ணீரில் மிதந்து போனது. இந்திராணி அதைப் பிடிக்கப் பாய்ந்து சேற்றில் விழுந்தாள்.

"தத்ரூபம்!" என்று மாடம் கைதட்டியது.

மறுநாளே இந்திராணி பெண்களைத் திரட்டிக்கொண்டு ஆரம்பாக்கம் சாலைக்கு மறியலுக்குப் போனாள். அங்கே பக்கத்து ஊரான சுண்ணாம்புக்குளத்துக்காரர்கள் முன்பே உட்கார்ந்திருந்தார்கள். நமக்காக வந்திருக்கிறார்களே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

"அவுங்களுக்கு மட்டும் தங்கக் கூரையா? எங்களுக்கு இன்னா?" என்று அவர்கள் கோஷம் போட்டார்கள்.

தனசேகர் ஜீப்பில் வந்து சேர்ந்தார். "கூரை முடிஞ்சுபோச்சு. இன்ஸ்புருக் அயிட்டத்துல பனிமலை ஒண்ணுதான் பாக்கி. எந்த ஊருக்கு வேணும்?"

"சுண்ணாம்புக்குளத்துக்கு!" என்று கூட்டம் எழுந்தது.

இந்திராணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அதெப்படி? தெனம் மீனுக்கு ஐஸ் வாங்கி வெக்கிறவங்க நாங்க. மலை எங்களுக்குத்தான்!"