மூன்று மேடை, ஒரு சங்கு

லோரி எடைமேடையில் ஏறிய நொடியில், எடை காட்டவேண்டிய பலகை அணைந்தது. கேட் தானாகச் சாய்ந்து லோரியின் மூக்கில் உட்கார்ந்தது.

“டேய் தம்பி! எடை போடச் சொன்னா அடி போடுறியே லா!” என்று அலறினார் டிரைவர் அப்பளசாமி.

மேடைகளைச் சரிபார்க்க வந்திருந்த லியோனார்டுக்கு வியர்த்தது. மணி பத்து. பன்னிரண்டுக்குத் தலைமை இன்ஜினியர் சிவானந்தம் கோலாலம்பூரிலிருந்து வந்துவிடுவார். அதற்குள் எல்லாம் சரியானால் இந்தச் செம்பனை எண்ணெய் ஆலையில் நிரந்தர வேலை. இல்லையென்றால், பழையபடி தஞ்சோங் காராங்கில் ரேடியோ ரிப்பேர்.

ஆலையில் மூன்று எடைமேடைகள். ஒவ்வொன்றின் பெட்டிக்குள்ளும் ஒரே கம்பெனி சிப். ஆனால் 1980, 83, 86 என்று மூன்று வருஷத்து ரகம். கரண்டு வந்ததும் முதலில் ஓடும் புரோகிராம்தான், சிப்பின் எந்தக் கம்பிக்கால் எடைப் பலகைக்கு, எது விளக்குக்கு, எது கேட்டுக்கு, எது மூன்றுக்கும் பொதுவான எச்சரிக்கைச் சங்குக்கு என்று சொல்லும். மூன்று ரகத்துக்கும் மூன்று பட்டியல். அதை ஒன்றாக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பட்டியல் போட்ட மூவரும் ஒரே குடும்பம்: நடராஜா, அவர் தம்பி தங்கராஜு, மச்சான் தனபாலன். அந்தத் திறமைக்காகவே மூவரும் பதவி உயர்வு பெற்று ஜொகூருக்குப் போய்விட்டார்கள். கால்களுக்கெல்லாம், வீட்டு ஆட்களை அவரவர் அழைக்கும் முறைப்பெயரை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்!

மூன்று பட்டியலிலும் ‘நான்’ இருந்தது. ஒரே பெயர், ஒரே வேலை என்று மூன்றையும் இணைத்துவிட்டான் லியோனார்ட். அதன் விளைவுதான் லோரியின் மூக்கில்.

“தம்பி, ஒவ்வொருத்தரும் ‘நான்’னு சொன்னா அது அவங்கவங்கதானே?” என்றாள் ஓரத்து மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்த அம்சவள்ளி.

“அக்கா, இது லெட்டர் அடிக்கிற வேலை இல்ல. விடுங்க.”

ஆனாலும் உறைத்தது. பட்டியல் வேறென்றால் ஆளும் வேறு என்று முடிவுகட்டி, எல்லாப் பெயரையும் தனித்தனியாகப் பிரித்தான். சிப்பில் ஏற்றினான். சுவிட்சைத் தட்டினான்.

சங்கு ஊதியது.

முதல் மேடையில் ‘சம்சார’த்தை அடக்கினான். இரண்டாவதில் ‘அண்ணி’ பிடித்துக்கொண்டாள். அண்ணியை அமுக்கினால் மூன்றாவதில் ‘அக்கா’ அலறினாள். சாப்பாட்டுச் சங்கு என்று நினைத்த ஆட்கள், பதினொன்றுக்கே தூக்குச்சட்டியோடு லயத்து வீடுகளுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

“யாரு இந்த மூணு பொம்பளைங்க?” என்று தலையில் கைவைத்தான் லியோனார்ட்.

“மூணு இல்ல, ஒன்னுதான்,” என்றாள் அம்சவள்ளி. “எங்க வீட்டுக்காரரு நடராஜாவுக்கு... ஐயோ, பேரச் சொல்லிட்டேன்! அவருக்குச் சம்சாரம். தங்கராஜுக்கு அண்ணி. தனபாலனுக்கு அக்கா. எல்லாம் நான்தான்.”

“நீங்களா சங்கு?”

“நான் குரல் குடுத்தாத்தானே வீட்ல மூணும் அசையும்!”

லியோனார்ட் பேனாவைப் பாய்ந்து எடுத்தான். அவள் சொல்லச் சொல்ல, யார் யாருக்கு என்ன முறை என்று உறவுக்கொடி வரைந்தான். பிறகு முறைகளை எல்லாம் அடித்துவிட்டு வேலைகளை எழுதினான்: எடை, விளக்கு, கேட், சங்கு. நான்கே வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று ரகத்தின் கால் எண்கள். ‘நீ எந்த ரகம்?’ என்று சிப்பை முதலில் கேட்டுக்கொள்ளும் ஒரே புரோகிராம்.

பன்னிரண்டு மணிக்கு, சிவானந்தம் பார்த்திருக்க, மூன்று மேடையிலும் மூன்று லோரி ஏறின. எடை தெரிந்தது. விளக்கு எரிந்தது. கேட் எழுந்து வணக்கம் வைத்தது. சங்கு வாயே திறக்கவில்லை. அப்பளசாமி ஹாரனை அமுக்கிக் கொண்டாடினார்.

“சபாஷ்! இன்னைலேருந்து நீ நிரந்தரம்!” என்று லியோனார்டின் கையைக் குலுக்கினார் சிவானந்தம். “ஆனா ஒன்னு புரியல லா. அந்த மூணு பேரும் ஒரே வீட்டுச் சோறு சாப்பிட்டவங்க. ஒன்னா உக்காந்து ஒரே மாதிரி எழுதியிருக்கலாம்ல?”

டைப் அடிக்கும் கையை நிறுத்தாமலே அம்சவள்ளி சொன்னாள்:

“அவங்க எங்க சார் எழுதுனாங்க? மூணையும் எழுதுனது நான்தான். அவங்கவங்க முறையில எழுதிக் குடுத்தாத்தான் அவங்களுக்கு மண்டையில ஏறும்!”