உரல் அண்ணாச்சியும் தார்க் கருப்பும்

உரல் அண்ணாச்சி அளவுக்குத் தின்ற மனுசன் கரிசல்காட்டில் பிறந்ததுமில்லை, இனிமேல் பிறக்கப் போவதுமில்லை.

கோவில்பட்டியில் பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்குக் காவல்காரர். ஒண்டிக்கட்டை. போட்டதெல்லாம் உள்ளே போவதால் ஊர் வைத்த பெயர் உரல். எதிரே என் இட்லிக்கடை. காலையில் தின்றுவிட்டுப் போனவர், வெயில் ஏறினதும் மேல்வயிற்றை அமுக்கிக்கொண்டு மறுபடி வந்து நிற்பார்.

"சீக்கிரம் வையி தாயி, உள்ள எரியுது."

நாலு இட்லி இறங்கினதும் முகம் தெளிந்துவிடும். என் இட்லி அப்படி.

பக்கத்து மளிகைக்கடை ராவுத்தர் சும்மா இருக்க மாட்டார். "அண்ணாச்சி, எத்தன ஊருப் பசிய ஒத்த வயித்துல வச்சிருக்கீரு?"

"நீரு கருப்பட்டிய எடும்வே!"

ஒரு வட்டு வாங்கிக் கடித்துக்கொண்டே போவார்.

எனக்குத்தான் பிடிபடவில்லை. இப்படித் தின்கிற ஆளுக்கு இடுப்பில் வேட்டி ஏன் நிற்க மாட்டேங்குது? ஒருநாள் தின்றதை வாசலிலேயே கக்கினார். என் கடையில் தின்று அதுவரை யாரும் கக்கினதில்லை. ரோசம் வந்துவிட்டது எனக்கு.

"அண்ணாச்சி, வெளிக்கு ஒழுங்காப் போகுதா?"

"தார் மாதிரிப் போகுது. கருப்பட்டி திங்கவனுக்கு வெள்ளையாவா போகும்?"

ராவுத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கருப்பட்டிக் காப்பியில் வளர்ந்த உடம்புதான் இதுவும். எனக்கு ஒருநாளும் தார் போனதில்லையே.

"ஆசுபத்திரிக்குக் கிளம்புங்க."

"எனக்கென்ன கேடு?" என்று வீறாப்பாக எழுந்தவர், கண் இருட்டிச் சாய்ந்தார். ராவுத்தர் சிரிப்பை விட்டுவிட்டு வண்டி பிடிக்க ஓடினார்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: குடல்புண். வெறும் வயிற்றில் எரிந்ததும், தின்றால் அடங்கினதும் பசியால் அல்ல, அந்தப் புண்ணால்தான். ரத்தம் உள்ளே கசிந்துதான் தாராக இறங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தால் ஆள் தங்கியிருக்காது.

"கூட யாரு?" என்றார். அண்ணாச்சி சுவரைப் பார்த்தார்.

"நாந்தான்."

"என்ன உறவு?"

"என் கடையில சாப்பிடுதாவ."

படுத்துக் கிடந்து, மருந்து குடித்து, ஒருவழியாகத் தேறி வந்தார். எரிச்சல் போய்விட்டது. ஆனாலும் வெயில் ஏறினதும் வந்து நின்றார்.

"எரியுதா?"

"இல்ல தாயி."

"பசிக்குதா?"

"இல்ல."

"பெறவு?"

"கிட்டங்கியில பஞ்சு மூட்டதான இருக்கு," என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

அந்த நேரம் என் கடையிலும் ஆளிருக்காது. இலையைப் போட்டேன். மிளகாய் சேர்க்காமல் அவருக்கென்று அரைத்த துவையல் காலையிலிருந்தே கிண்ணத்தில் இருந்தது.