மூடி உட்காரும் இடம்

அன்று காலை, கையில் ஈரத்துணியோடு, நான் ஒரு சபதம் எடுத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு கோப்பை கழுவும் தொழிலுக்கு முழுக்கு.

சபதம் பெரியதுதான். ஆனால் சீனாவில், எங்கள் சாவ்சோவ் நகரத்தில், ஒரு வீட்டில் நாளைக்கு எத்தனை முறை தேநீர் போடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் எழுந்ததும் ஒரு முறை. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. யாராவது வந்தால் ஒரு முறை. யாரும் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று யோசிப்பதற்காக ஒரு முறை. எங்கள் வீட்டில் சராசரியாக எட்டு முறை. எட்டு முறையும் ஊற்றுவது என் மனைவி சியூகிம். எட்டு முறையும் கோப்பையையும் கிண்ணத்தையும் கழுவி, ஊறிய இலையைக் கொட்டுவது நான். பதினோரு வருடமாக.

இந்த ஏற்பாட்டைச் செய்தவனும் நானே. கல்யாணமான முதல் வாரம், மூடிக்கிண்ணத்தில் தேநீர் போடுகிறேன் என்று உட்கார்ந்தேன். கிண்ணத்தின் விளிம்பைப் பெருவிரலாலும் நடுவிரலாலும் பிடிக்க வேண்டும். ஆள்காட்டி விரலை மூடியின் குமிழ்மேல் வைக்க வேண்டும். மூடியைக் கொஞ்சம் சாய்த்து, அந்த இடுக்கு வழியாகத் தேநீரை வடிக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். என் விரல்களுக்குத்தான் தெரியவில்லை. "ஐயோ!" என்று கிண்ணத்தைப் போட்டேன். இரண்டு கைகளாலும் காது மடல்களைப் பிடித்துக்கொண்டேன். சுட்ட விரலுக்கு எங்கள் ஊரில் அதுதான் முதல் மருந்து.

"பரவாயில்லைங்க, நான் ஊத்துறேன்" என்றாள் சியூகிம்.

"அப்போ கழுவுறது என் வேலை" என்றேன், ஆண்மகனாக.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் வேலை பார்ப்பது ஒரு பீங்கான் சூளையில். நாங்கள் செய்வது மூடிக்கிண்ணங்கள். அவற்றைச் சோதிப்பவன் நான். ஒவ்வொன்றையும் தூக்கி, குச்சியால் தட்டி, காதில் வைத்துக் கேட்பேன். 'டிங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் விரிசல். ஒரு நாளைக்கு நானூறு கிண்ணம் என் கையில் ஏறி இறங்குகிறது. எதிலும் தண்ணீர் இருக்காது.

சியூகிம் ஊற்றுவதைப் பார்க்க வேண்டும். கெட்டில் குமுறிக்கொண்டிருக்கும். சுருண்ட கறுப்பு இலைகளைக் கிண்ணம் நிறையப் போடுவாள். கொதிநீர் விழும். மூடியால் ஒரே வீச்சில் நுரையை வழித்து எறிவாள். அந்த முதல் தண்ணீரைக் கோப்பைகளில் ஊற்றி, ஒரு கோப்பைக்குள் இன்னொரு கோப்பையை நிறுத்தி உருட்டுவாள். சக்கரம் மாதிரிச் சுழலும். மறுபடி கொதிநீர். மூன்று மூச்சு விடும் நேரம். பிறகு கிண்ணத்தைப் பூ பறிப்பதுபோல் எடுப்பாள். ஒட்டி நிற்கும் மூன்று கோப்பைகளுக்கு மேலும் அவள் கை வட்டம் போடும். கடைசிச் சொட்டுகளையும் மூன்றுக்கும் சமமாகப் பங்கு வைப்பாள். மேஜையில் ஒரு துளி சிந்தாது. அறை முழுவதும் மல்லிகையா, பழமா என்று சொல்ல முடியாத ஒரு வாசனை. நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவை எதனால் செய்யப்பட்டவை என்று யோசிப்பேன். பிறகு கழுவப் போவேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வருவதாக இருந்தது. அவர் ஃபெங்ஹுவாங் மலையில் தேயிலை வளர்ப்பவர். வசந்தகாலப் பறிப்பு முடிந்ததும் புது இலையோடு இறங்கி வருவார்.

"சியூகிம், ஞாயித்துக்கிழமை நான்தான் ஊத்தப் போறேன்" என்றேன்.

அவள் என் காது மடல்களைப் பார்த்தாள். "காதுக்கு லீவு சொல்லிட்டீங்களா?"

"சிரிக்காதே. மூணு சுற்று. ஊத்துறப்ப சுடுதுன்னு கிண்ணத்தை நடுவுல கீழ வைக்காம ஊத்துறேன். ஊத்திட்டா இனிமே நான் கழுவ மாட்டேன்."

"ஊத்தலைன்னா?"

"சாகுற வரைக்கும் கழுவுறேன். வாயைத் திறக்க மாட்டேன்."

அவள் கெட்டிலை இறக்கி வைத்தாள். "சரிங்க. நீங்க மூணு சுற்று ஊத்திட்டா, அதுக்கப்புறம் யார் கழுவுறதுன்னு அப்பா சொல்லட்டும். அவர் சொல்றதுதான் முடிவு."

எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. மாமனாருக்கு நான் என்றால் உயிர். மகளுக்கு ஒரு பொட்டலம் இலை கொண்டுவந்தால் எனக்கு இரண்டு கொண்டுவருவார். "சம்மதம்!" என்றேன்.

சம்மதித்த பிறகுதான் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. பக்கத்து வீட்டுப் போக்சாய் அண்ணனிடம் ஓடினேன். அவர் மாட்டிறைச்சி உருண்டைக் கடைக்காரர். நாள் முழுவதும் இரண்டு இரும்புத் தடிகளால் இறைச்சியை அடித்துக்கொண்டே இருப்பார். அடியை நிறுத்தாமலே ஆலோசனை சொன்னார்.

"சுடுறது கிண்ணமா, தண்ணியா?"

"தண்ணிதாண்ணே."

"அப்போ தண்ணியை ஆற வை, தம்பி."

"ஆறின தண்ணியில இலை விரியாதேண்ணே?"

"உனக்குக் கை முக்கியமா, இலை முக்கியமா?"

எவ்வளவு பெரிய மூளை! அடிக்கிற இறைச்சியைவிட அதிகமாக அவர் தலைக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "சியூகிம்கிட்ட மூச்சு விடாதீங்க" என்றேன்.

"நானா? கல்லு தம்பி, நான் கல்லு" என்றார். தினமும் மூன்று வேளை சியூகிம் ஊற்றும் தேநீரைக் குடிப்பவர் அவர் என்பதை நான் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

ஞாயிறு வந்தது. மாமனார் வந்தார். என் கையில் இரண்டு பொட்டலம், சியூகிம் கையில் ஒன்று. போக்சாய் அண்ணனும் வந்து உட்கார்ந்தார். நான் முன்பே கெட்டிலைக் கொதிக்க வைத்து, நன்றாக ஆறவிட்டு, மேஜையில் தயாராக வைத்திருந்தேன்.

"இன்னைக்கு மாப்பிள்ளை ஊத்துறாரா!" என்று மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இலையைப் போட்டேன். தண்ணீரைக் கிண்ணத்தின் வாய்வரை தளதளவென்று ஊற்றினேன். மூடினேன். தூக்கினேன். சுடவில்லை! குழந்தையைத் தூக்குவது மாதிரி இருந்தது. முதல் தண்ணீரில் கோப்பைகளை உருட்டினேன். ஒன்று மேஜைக்கு அடியில் போனது. எடுத்து வந்தேன்.

மாமனார் கையை நீட்டி மூடியை எடுத்தார். அதன் உட்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். திறந்தார்.

"மாப்பிள்ளை, தண்ணி தூங்குது."

"தூங்குதா மாமா?"

"குறட்டை கேக்குது. இந்த இலைக்கு நான் ஏணி வச்சு மரம் ஏறியிருக்கேன். ராத்திரி முழுக்கக் கண் முழிச்சு வாட்டியிருக்கேன். கொதிக்கிற தண்ணியில போட்டாத்தான் இது வாயைத் திறக்கும். கொட்டுங்க இதை. புது இலை போட்டு, கொதிக்கக் கொதிக்க..."

"இதோ அப்பா" என்று சியூகிம் சமையலறையிலிருந்து வந்தாள். கையில் இன்னொரு கெட்டில். அது ஏற்கெனவே குமுறிக்கொண்டிருந்தது.

நான் போக்சாய் அண்ணனைப் பார்த்தேன். அந்தக் கல், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தப்பிக்க வழியில்லை. புது இலை போட்டேன். கெட்டிலை எடுத்தேன். என் காது மடல்கள் தாமாகவே சூடாயின. ஆயுள் முழுவதும் கழுவப்போகும் கோப்பைகள் வரிசையாகக் கண்முன் வந்தன.

சியூகிம் குனிந்து என் காதோரம் சொன்னாள். "வாய்வரைக்கும் ஊத்தாதீங்க. உள்ளே மூடி உட்கார்ற இடம் இருக்கு பாருங்க, அதுக்கு ஒரு நூல் கீழேயே நிறுத்துங்க. தண்ணி தொடாத விளிம்பு சுடாது. மூடியோட இடுக்கு வெளிப்பக்கம் இருக்கட்டும், ஆவி விரல்மேல வராது."

நான் அவளைப் பார்த்தேன். கிண்ணத்தைப் பார்த்தேன். நாளைக்கு நானூறு கிண்ணத்தைத் தட்டுகிறவன் நான். அந்த விளிம்பு ஏன் வெளியே விரிந்திருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பதினோரு வருடம் அவள் விரல்களைப் பார்த்தேன். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை.

ஊற்றினேன். மூடி உட்காரும் இடத்துக்கு ஒரு நூல் கீழே நிறுத்தினேன். மூன்று மூச்சு. பிடித்தேன்.

வெதுவெதுப்பு. அவ்வளவுதான்.

முதல் சுற்று. கோப்பைகளை வெந்நீரில் உருட்டினேன். இரண்டாம் சுற்று. கை வட்டம் போட்டது. கடைசிச் சொட்டுகளை மூன்று கோப்பைக்கும் பங்கு வைத்தேன். மூன்றாம் சுற்றில் அந்த வாசனை எழுந்து அறையைச் சுற்றி வந்தது. மாமனார் உறிஞ்சினார். நாக்கைச் சப்புக்கொட்டினார். மேஜையில் இரண்டு விரலால் தட்டி எனக்கு நன்றி சொன்னார். மலையில் இருபது வகைத் தேயிலை மரம் வளர்ப்பவர் எனக்கு, எனக்கு, விரல் தட்டினார்!

"என் மகளுக்குச் சமமா ஊத்துறீங்க மாப்பிள்ளை!"

என் கண் கலங்கிவிட்டது. தோற்கப்போன புருஷனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்ட மனைவி இந்த உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பெருந்தன்மையோடு அவள் பக்கம் திரும்பினேன். "சியூகிம், மாமாகிட்ட நீயே கேளு."

அவள் பணிவாகக் கேட்டாள். "அப்பா, தேநீர்க் கோப்பையை யார் கழுவணும்?"

மாமனாருக்குக் கேள்வியே புரியவில்லை. "இது என்ன கேள்வி? ஊத்துற கைதான் கழுவும். சுற்றுக்குச் சுற்று கோப்பையை வெந்நீர்ல உருட்டுறாரே, அதுவே கழுவுறதுதானே? கடைசிக் கழுவலுக்கு மட்டும் வேற கை எதுக்கு? எங்க மலையில அடுத்தவங்களைக் கிண்ணத்தைத் தொடவே விட மாட்டோம்."

"அப்படின்னா," கெட்டிலைக் கீழே வைத்தேன், "இத்தனை வருஷமா நான் ஏன் கழுவினேன்?"

"நீங்களா ஆசைப்பட்டுக் கேட்டீங்க" என்றாள் சியூகிம். "உங்க மனசு நோகக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

"அருமையான பொண்ணு" என்றார் போக்சாய் அண்ணன், கோப்பையை நீட்டிக்கொண்டே.

இப்போது எங்கள் வீட்டில் எட்டு முறையும் நான்தான் ஊற்றுகிறேன். தெருவில் நல்ல பேர். சூளையிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். எத்தனை பேர் வந்தாலும் மேஜையில் மூன்று கோப்பைதான். ஊற்றுகிறவன் கடைசியில்தான் குடிக்க வேண்டும். சியூகிம் சாய்ந்து உட்கார்ந்து முதல் கோப்பையை எடுக்கிறாள். முகர்கிறாள். மூன்று மிடறில் குடிக்கிறாள். இரண்டு விரலால் மேஜையைத் தட்டுகிறாள். பிறகு கோப்பையை மெதுவாக, சத்தமே வராமல், என் பக்கம் நகர்த்தி வைக்கிறாள்.

கழுவுவதற்கு.