கறிக்கு ஒரு மாத்திரை

நோர்வூட்டிலிருந்து ஹட்டன் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், தன் நெஞ்சுக்குத் தானே இவ்வளவு துரோகம் செய்த மனிதர் கிடைக்க மாட்டார். அவர் எங்கள் பங்கு மாமா.

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பல வீடுகள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி வெட்டிப் பங்கு போடுவோம். கத்தி மாமா கையில். கூலியாக ஈரலும் கொழுப்பும் அவர் வீட்டுக்குப் போகும். யாராவது ஏன் என்று கேட்டால் கத்தியைக் காட்டுவார்.

கிளினிக்கில் மாமாவுக்குக் கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது என்று தினமும் போட மாத்திரை கொடுத்தார்கள். மனிதர் கறி தின்கிற நாளில் மட்டும் போட்டார்.

"கறி திங்காத அன்னைக்கு எதுக்கு மாப்ள மாத்திரை? உள்ள போயி எதைக் கரைக்கும்? சும்மா ஒக்காந்திருக்கும்!"

மிஞ்சிய மாத்திரைகளை வீணாக்க மனசில்லை. ஒரு தீபாவளிக்கு ஒவ்வொரு பங்கின் மேலும் ஒரு மாத்திரையை வைத்துவிட்டார், கறிவேப்பிலை மாதிரி. எனக்கு ரத்தம் கொதித்தது.

"அறிவிருக்கா மாமா? மருந்தைப் போயி ஊருக்கெல்லாம் பங்கு போடுறீங்க!"

"கறியில ஒட்டுன கொழுப்ப மருந்தில்லாம குடுத்தா பாவம் மாப்ள."

மாத்திரை எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன்.

அடுத்த மாதம் மேல் லயத்துக்கு ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். வேர்த்து ஊற்றியது.

"வாய்வுதான். ஒரு இஞ்சித் தேத்தண்ணி குடிச்சா சரியாயிரும்."

"வாய்வா? வாய மூடிக்கிட்டு ஆட்டோவுல ஏறுங்க!"

ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் திட்டினேன். நிறுத்தியிருந்தால் அழுதிருப்பேன்.

பிழைத்துக்கொண்டார். டாக்டரம்மா விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்தார்.

"ஐயா, நீங்க கறியே திங்காட்டியும் ஒங்க ஈரல் தெனமும் கொலஸ்ட்ரோல் செய்யுது. அதைத்தான் இந்த மாத்திரை அடக்குது. தெனமும் போடணும். நல்லாயிருச்சுன்னு நீங்களா நிப்பாட்டக் கூடாது."

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. "என் ஈரலா? நான் ஆட்டு ஈரலத்தானே சந்தேகப்பட்டேன்!"

இப்போது கொழுப்பைத் தொடுவதில்லை. காலையில் ரோட்டில் நடக்கிறார். எங்களைத்தான் நிம்மதியாக விடுவதில்லை. பொழுது சாய்ந்ததும் லயத்தின் கோடியில் நின்று கத்துவார்:

"மாத்திர போட்டாச்சா எல்லாரும்?"

எனக்கு ஒரு வியாதியும் இல்லை. சொன்னால் நம்ப மாட்டார். பதில் வராவிட்டால் கதவை உடைப்பார். அதனால் நானும் "போட்டாச்சு மாமா!" என்று கத்துகிறேன்.

அந்தச் சத்தம் கொஞ்சம் பிந்தினால், சோற்றுத் தட்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறேன்.